படத்துல இருக்கறது யாருங்க?

ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்த வாரம் பதிவு எதுவும் போடறதா இல்லை. ஆனா ஞாயித்துக்கிழமை ராத்திரி என் ரூம்மேட்டோட போட்ட சண்டை இன்னும் மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. எழுதித் தீர்த்துடறேன், பொறுத்துக்குங்க.

ரூம்மேட் பத்தி ஒரு வரி. பிளஸ் டூ வரைக்கும் ஒரே பெஞ்சு. அப்புறம் நான் பொட்டி தட்டப் போயிட்டேன், அவன் எம்.பி.பி.எஸ். முடிச்சு இப்ப எம்.எஸ். சர்ஜரி. அன்னிக்கு அவன் லேப்டாப்ல ஒரு கழுத்துப் படம். தோலை விலக்கி, நரம்பு, ரத்தக்குழாய் ஒண்ணொண்ணையும் தனித்தனி நிறத்துல வரைஞ்சிருந்தாங்க. போட்டோவெல்லாம் பிச்சை வாங்கணும், அவ்வளவு துல்லியம்.

"யார்றா வரைஞ்சது?"

"பெர்ன்கோப் அட்லஸ். சீனியர் பென்டிரைவ்ல குடுத்தாரு."

"சரி, படத்துல இருக்கறது யாரு?"

சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன். "யாரா இருந்தா என்னடா, பாடி"ன்னான். அதோட விட்டிருந்தா இந்தப் பதிவே இல்லை. நான் தேட ஆரம்பிச்சேன்.

எடுவர்ட் பெர்ன்கோப், வியன்னா பல்கலைக்கழக உடற்கூறியல் பேராசிரியர். 1933லேயே நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அட்லஸின் முதல் தொகுதி 1937ல் வெளிவந்தது. 1938ல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கியதும் இவர் மருத்துவப் பிரிவின் டீன் ஆனார். அந்தப் பிரிவில் இருந்த 197 பேரில் 153 பேர் வெளியே தள்ளப்பட்டார்கள், பெரும்பாலும் யூதர்கள். 1943ல் இவர் பல்கலைக்கழகத்துக்கே ரெக்டர். ஓவியர்களும் சளைத்தவர்கள் இல்லை. எரிக் லெப்பியர் தன் கையெழுத்தில் கடைசி எழுத்தின் வாலை நாஜி ஸ்வஸ்திக்காக வளைப்பார். கார்ல் என்ட்ரெஸ்ஸர் தன் பெயரின் நடுவில் வரும் இரண்டு 'எஸ்'ஸையும் எஸ்.எஸ். படையின் மின்னல் குறியாகப் போடுவார். ஃபிரான்ஸ் பாட்கே 1944ன்னு தேதி போட்டால் அந்த 44 மின்னலாகிவிடும்.

சரி, உடல்கள் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் அமெரிக்காவின் ஹோவர்ட் இஸ்ரேல் என்ற வாய் அறுவை சிகிச்சை நிபுணரும், கனடாவின் வில்லியம் சைடல்மன் என்ற டாக்டரும். ஜெருசலேமின் யாத் வஷேம் நினைவகமும் 1995ல் விசாரணை கேட்டது. வியன்னா பல்கலைக்கழகம் 1997ல் விசாரணையை ஆரம்பித்து 1998ல் முடித்தது. நாஜி காலத்தில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்களின் உடல்கள் குறைந்தது 1,377 அந்த உடற்கூறியல் நிலையத்துக்கு வந்திருக்கின்றன. நிறைய பேர் செய்த குற்றம் நாஜி ஆட்சியை எதிர்த்ததுதான்.

படம் வரையறதுக்காகவே கொன்னாங்கன்னு யாரும் சொல்லலை, நானும் சொல்லலை. சுமார் 800 படங்களில் எது யாருடைய உடல்னு ஒவ்வொண்ணா நிரூபிக்கவும் முடியலை. பாதிப் படங்களாவது அப்படிப்பட்டவையா இருக்கும்னு ஆய்வாளர்கள் சந்தேகப்படறாங்க.

இதை ரூம்மேட்கிட்ட காட்டினேன். ரெண்டு நிமிஷம் பேசலை. அப்புறம் சொன்னான்: "மச்சான், படம் படம்தான். நரம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு தெரிஞ்சா என் பேஷன்ட் பொழைப்பான். வரைஞ்சவன் நல்லவனா கெட்டவனான்னு நரம்புக்குத் தெரியாது."

மறுநாள் டீ பிரேக்ல டீம் நண்பர் ஒருத்தர்கிட்ட சொன்னேன். அவர் நேர் எதிர். "அந்தப் புக்கைக் கொளுத்தணும் பாஸ். ஒரு காப்பிகூட இருக்கக் கூடாது."

எனக்கு ரெண்டு பேர் மேலயும் கோபம். ஏன்னு சொல்றேன்.

முதல்ல கொளுத்தற கட்சி. இந்தப் படங்களை அழிச்சா யாருக்கு லாபம்? செத்தவங்களுக்கா? அவங்கள்ல எத்தனையோ பேர் இந்த உலகத்துல கடைசியா விட்டுட்டுப் போன தடயம் இந்தப் படம்தான். அதையும் கொளுத்தினா நாஜிகள் ஆரம்பிச்ச வேலையை நாம முடிச்சு வைக்கறோம். சின்ன அளவுல ஏற்கெனவே இது நடந்தும் இருக்கு. போருக்கு அப்புறம் வந்த பதிப்புகள்ல கையெழுத்துல இருந்த ஸ்வஸ்திக்கையும் மின்னலையும் பூசி அழிச்சுட்டாங்க. பார்க்க ரொம்ப நாகரிகமான காரியம் மாதிரி இருக்கும். உண்மையில் காப்பாத்தப்பட்டது யாரு? லெப்பியர், என்ட்ரெஸ்ஸர், பாட்கே, புத்தகம் வித்தவங்க. நம்ம பாஷையில சொன்னா, பக் அப்படியே இருக்கு, லாக் ஃபைலை மட்டும் டெலீட் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் 30 வருஷத்துக்கு மேல உலகம் பூரா மாணவர்கள் சந்தேகமே இல்லாம அதைப் பார்த்துப் படிச்சாங்க.

இப்ப 'படம் படம்தான்' கட்சி. இவங்க கையில ஒரு பெரிய ஆயுதம் இருக்கு: "எந்த அனாடமி புத்தகம்டா சுத்தம்?" நியாயமான கேள்விதான். 1543ல் வெசாலியஸ் போட்ட புகழ்பெற்ற புத்தகத்தின் முகப்புப் படத்தில் அறுக்கப்படுபவர் ஒரு பெண். தூக்குத் தண்டனையிலிருந்து தப்பிக்க, கர்ப்பமா இருக்கேன்னு பொய் சொன்னவர்னு வெசாலியஸே சொல்லியிருக்கார். அவர் பேர் என்ன? தெரியாது. 1774ல் வில்லியம் ஹண்டர் வெளியிட்ட கர்ப்பப்பை படங்கள் இன்னிக்கும் மருத்துவ வரலாற்றுத் தொகுப்புகளின் பொக்கிஷம். ஓவியர் யான் வான் ரிம்ஸ்டைக் பேர் தெரியும். வயித்துல குழந்தையோட செத்துப்போன அந்தப் பெண்கள் பேர்? தெரியாது. பிரிட்டன்ல 1832ல் சட்டமே போட்டாங்க: அநாதை விடுதியில செத்து, யாரும் உரிமை கோராத ஏழை உடல் அனாடமி வகுப்புக்கு.

ஆக, எல்லாத்திலயும் கறை இருக்கு. ஆனா இதுலேர்ந்து நண்பன் எடுத்த முடிவு, 'அதனால இதையும் கண்டுக்காதே'. நான் எடுக்கற முடிவு, 'அதனால எல்லாத்தையும் கண்டுக்கணும்'. பத்து வீட்டுல திருட்டு நடந்தா பதினொண்ணாவது வீட்டுக்காரர் புகார் குடுக்கக் கூடாதா என்ன?

ஒரு நூலகத்தின் கேட்டலாகைப் பாருங்க. எழுதியவர், ஓவியர், செதுக்கியவர், அச்சகம், ஆண்டு, பக்கம், அளவு, கன்று தோல் பைண்டிங் வரைக்கும் ஒரு இடம் ஒதுக்கியிருப்பாங்க. மாட்டுத் தோலுக்கு ஒரு ஃபீல்டு இருக்குங்க. அறுத்து வைக்கப்பட்ட மனுஷனுக்கு? 'தெரியவில்லை, மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவராக இருக்கலாம்'னு எழுதக்கூட ஒரு கட்டம் வேணாமா? டேட்டாபேஸ்ல ஒரு காலம் சேர்க்கறது எவ்வளவு நேர வேலைன்னு நம்மள்ல பாதிப் பேருக்குத் தெரியும். கஷ்டம் தொழில்நுட்பத்துல இல்லை.

வழியே இல்லைன்னும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் சூசன் மெக்கின்னன் என்ற நரம்பு அறுவை நிபுணர் இந்த அட்லஸை ஆபரேஷனுக்கே பயன்படுத்தியவர். இதைப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி ஜோசப் போலக் என்ற யூத ரப்பியிடம் போனது. இவரே சின்ன வயசுல நாஜி முகாமிலிருந்து பிழைத்து வந்தவர். 2017ல் வியன்னா நெறிமுறை என்ற பேரில் பதில் வந்தது. சுருக்கமா: ஓர் உயிரைக் காப்பாத்த உதவும்னா பயன்படுத்தலாம். ஆனா இந்தப் படங்கள் என்ன, எங்கிருந்து வந்ததுன்னு எல்லாருக்கும் தெரியப்படுத்தணும்.

கவனிங்க. முகாமில் இருந்து மீண்டவரே 'அழி'ன்னு சொல்லலை. 'மறைக்காதே'ன்னு சொல்றார். இப்ப அசல் ஓவியங்கள் வியன்னா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் யோசெபினும் மருத்துவ வரலாற்றுத் தொகுப்பில் இருக்கு. சரியான இடம்தான். ஆனா ஸ்கேன் பண்ணின நகல் பென்டிரைவ் பென்டிரைவா சுத்துது, அதுல ஒரு வரி விளக்கம் கிடையாது. அதனாலதான் சொல்றேன், விளக்கம் பக்கத்துல தனியா இருந்தா பத்தாது. படத்தோட ஓரத்துலேயே, வெட்டினா படம் கெட்டுப்போற மாதிரி பதிக்கணும். எந்தப் படமா இருந்தாலும் சொந்தம் கொண்டாட குறுக்கால வாட்டர்மார்க் போடத் தெரியுதில்ல? இதுக்கு மட்டும் இடம் இல்லையா?

கடைசியா நமக்கு. நம்ம பதிவை யாராவது பேர் போடாம சுட்டா என்ன குதி குதிக்கறோம்! ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கண்டனப் பதிவு போட்டு, நாலு நாள் கும்மி. ஆனா பழைய மருத்துவப் படம் ஒண்ணு அழகா கிடைச்சா, சுத்தி இருக்கற எழுத்தை வெட்டிட்டு பதிவுக்கு நடுவுல ஒட்டிடறோம். நானும் செஞ்சிருக்கேன். ரெண்டு பழைய பதிவுல இருந்த படங்களுக்கு நேத்துதான் விவரம் சேர்த்தேன்.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கலை. "அப்ப ஒவ்வொரு பேஷன்ட்கிட்டயும் இதைச் சொல்லிட்டா கத்தியை எடுக்க முடியும்?"னு கேக்கறான். ஆமாடா, சொல்லணும்னுதான் அந்த ரப்பி எழுதியிருக்கார்னேன். பதில் வரலை. ஆனா நேத்து ராத்திரி அவன் லேப்டாப்ல அந்த ஃபோல்டரைப் பார்த்தேன். உள்ள புதுசா ஒரு டெக்ஸ்ட் ஃபைல். திறந்தா ஒரே வரி: 'வியன்னா, 1938-45, 1,377 பேர்.'

டிஸ்கி: டாக்டர் பதிவர்கள் யாராவது படிச்சா, உங்க காலேஜ்ல இதைப் பத்தி ஒரு வார்த்தையாவது சொல்லிக் குடுத்தாங்களான்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டணும்னாலும் திட்டலாம், அனானியா வந்து திட்டாதீங்க. பேர் போடறதைப் பத்தின பதிவுங்க இது.