மூசிக்கு முன்னால் பிக்கெட் நாலா

மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர், திருமலகிரி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு,

ஹைதராபாத்தில் மூசி நதிக்கரையைச் சீரமைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே படமயம். கம்ப்யூட்டரில் வரைந்த நீலத் தண்ணீர், இரு பக்கமும் புல்வெளி, படகில் சிரிக்கும் குடும்பம். படத்தோடு எனக்கு ஒரு கேள்வியும் வருகிறது: "நீ சிங்கப்பூரில்தானே இருக்கிறாய், அங்கே செய்ததை இங்கே செய்தால் என்ன?" தனித்தனியாகப் பதில் எழுதிக் கொண்டிருப்பதைவிட எல்லோருக்குமாக ஒரே மடலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி குடித்துக்கொண்டே படியுங்கள்.

செய்யலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் சிங்கப்பூரில் எதை முதலில் செய்தார்கள் என்பது அந்தப் படங்களில் தெரியாது. மண்ணுக்கு அடியில் இருப்பதை யார் படம் எடுக்கிறார்கள்?

1977 பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கத் திறப்பு விழாவில் பேசிய பிரதமர் லீ குவான் யூ, பத்து ஆண்டுகளில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்றார். அன்றைக்கு அந்த ஆறுகள் நம் ஊர்க் கழிவோடைகளான நாலாக்களைவிட மேலாக ஒன்றும் இருக்கவில்லை. மேல்புறத்தில் பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள். கரையில் சாக்கடை இணைப்பே இல்லாத குடிசைகளும் பட்டறைகளும். தெருவோரக் கடைக்காரர்கள் பாத்திரம் கழுவிய தண்ணீர் அத்தனையும் ஆற்றுக்குள். அந்தப் பத்தாண்டில் பெரும்பகுதி எதற்குப் போனது தெரியுமா? அழுக்கு எங்கே புறப்படுகிறது என்று பார்த்துப் பார்த்து அங்கேயே அடைப்பதற்கு. பண்ணைகளை எடுத்தார்கள். தெருக் கடைகளுக்குக் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள கூடங்கள் கட்டிக் கொடுத்தார்கள். கரையோரக் குடும்பங்கள் ஏறத்தாழ 26,000. அவர்களுக்கு அடுக்குமாடி வீடுகள் கிடைத்தன. சரக்குப் படகுகளை 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். பிறகுதான் தூர்வாரல், கரை கட்டல், மரம், நடைபாதை. 2008-ல் மரினா தடுப்பணை வந்தபின் அந்த ஆற்று நீர் குடிநீர்த் தேக்கத்தில் சேர்கிறது. நீங்கள் விடுமுறைக்கு வந்து படகில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டது இந்தக் கடைசி அத்தியாயத்தில்.

இதில் எல்லாமே பாராட்டுக்குரியதும் இல்லை. படகுக்காரர்களும் பண்ணைக்காரர்களும் தலைமுறைத் தொழிலை விட்டுப் போனார்கள். அந்தக் கசப்பைப் பழையவர்கள் இன்றும் பேசுவார்கள். நிலமும் வீட்டு வசதியும் அரசின் கையில் இறுக இருந்த ஒரு சின்னத் தீவில் நடந்தது இது. அதை அப்படியே பெயர்த்துக் கொண்டுபோய் மூசிக் கரையின் சாதர்காட்டில் நட முடியாது. எடுத்துக்கொள்ளத் தக்கது வேலையின் வரிசை ஒன்றுதான்.

இந்த வரிசை ஹைதராபாத்துக்குப் புதிதா என்றால், இல்லை. 1908 செப்டம்பர் 28 அன்று வந்த மூசி வெள்ளத்தைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 15,000 பேர் மாண்டார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றப் பாலங்கள் உடைந்து போக, 1578-ல் கட்டிய புரானாபூல் மட்டும் நின்றது. இன்றைய உஸ்மானியா ஆஸ்பத்திரி வளாகத்தில் இருக்கும் புளியமரத்தில் ஏறி 150 பேர் உயிர் தப்பினார்கள் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு நிஜாம் அரசு பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவை அழைத்தது. அவர் ஆற்றின் கரையில் நின்று யோசிக்கவில்லை, மேலே போய்ப் பார்த்தார். வெள்ளத்தை நகரத்துக்கு மேற்கேயே பிடித்து வைக்கச் சொன்னார். 1920-ல் உஸ்மான் சாகர் முடிந்தது, 1927-ல் ஹிமாயத் சாகர். நகரத்தின் சாக்கடைத் திட்டத்துக்கும் அவரையே ஆலோசனை கேட்டார்கள். 1912-ல் அமைந்த நகர மேம்பாட்டு வாரியம் கரைச் சுவரும் பூங்காக்களும் அமைத்தது. ஹைகோர்ட், உஸ்மானியா ஆஸ்பத்திரி, ஆசஃபியா நூலகம் எல்லாம் மூசிக் கரையில் வரிசையாக நிற்பது தற்செயலா என்ன? நதியைப் பார்த்துக் கட்டிய கட்டடங்கள் அவை. கெடுத்தது பின்னால் வந்த நாம்.

இனி நம் பேட்டைக்கு வருகிறேன். மூசி என்றால் நம்மவர்களுக்கு அது 'அந்தப் பக்கம்'. பழைய நகரத்து விவகாரம், டேங்க் பண்டைத் தாண்டினால்தான் தொடங்குகிறது. சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த ஒரே நீரோட்டம் பிக்கெட் நாலா. பேகம்பேட்டை போகும் பஸ் ரசூல்புரா பாலத்தில் ஏறும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வோம், இறங்கியதும் விடுவோம். அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. கூகட்பள்ளி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் என்று நான்கு நாலாக்கள் உசேன் சாகரில் வந்து விழுகின்றன. கூகட்பள்ளியின் ஆலைகள், பஞ்சாராவின் பங்களாக்கள், நம் பக்கத்துக் காலனிகள், எல்லாவற்றின் கழிவும் இவற்றில் உண்டு. ஏரிக்கரையில் குழாய் போட்டு மழையில்லாத நாட்களின் கழிவை அம்பர்பேட்டை சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்புகிறார்கள். நல்ல மழை பெய்தால் குழாய் கொள்ளாது, எல்லாம் கலந்து ஏரிக்குள் பாயும். ஏரி நிறைந்தால் உபரி நாலா வழியாக தோமல்குடா, அசோக் நகர், கோல்நாகா தாண்டி மூசி. ஆக, அந்தப் பக்கத்து அழுக்கில் இந்தப் பக்கத்துக் குளியலறைகளுக்கும் கழிவறைகளுக்கும் பங்கு உண்டு. விநாயக சவிதிச் சிலைகளைக் கரைத்து முடிந்ததும் ஏரி கெட்டுவிட்டது என்று வருஷா வருஷம் வருத்தப்படுகிறோம். பாக்கி நாட்களில் நாம் கரைப்பது கணக்கில் வருவதே இல்லை.

கணக்கு என்றால் அரசே சொன்ன கணக்கு இருக்கிறது. 2021-ல் புதிய சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஒப்புதல் கொடுத்த சமயத்தில், வெளிவட்டச் சாலை வரைக்குமான நகரம் நாளொன்றுக்குச் சுமார் 195 கோடி லிட்டர் கழிவுநீரை வெளியேற்றுகிறது என்றார்கள். இருந்த 25 நிலையங்களின் கொள்ளளவு 77 கோடி லிட்டர். மிச்சமெல்லாம் அப்படியே நாலாவிலும் ஆற்றிலும். ரூ.3,866 கோடி செலவில் இன்னும் 31 நிலையங்கள், 125 கோடி லிட்டருக்கு மேல் சுத்தம் செய்ய. கூட்டிப் பார்த்தால் மொத்தக் கழிவையும் மிஞ்சுகிறது. காகிதத்தில் மூசி சுத்தமாகிவிட்டது! ஆனால் நிலையம் கட்டினால் போதாது, கழிவு அங்கே போய்ச் சேர வேண்டும். வீட்டிலிருந்து தனிக் குழாயில் போகாமல் மழைநீர்க் கால்வாயில் இறங்கும் கழிவை நாலாவின் வாயில் நின்று மறித்துப் பிடிப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. மழை நாளில் அது பிடிபடாது. மழைநீருக்கு ஒரு பாதை, கழிவுக்கு ஒரு பாதை என்று தெருத் தெருவாகப் பிரிக்கும் வேலைக்குப் பல ஆண்டுகள் ஆகும், சாலையெல்லாம் தோண்டுவார்கள், ரிப்பன் வெட்ட எதுவும் இருக்காது. அதனால்தான் அது எப்போதும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

இப்போதைய அரசின் திட்டம் 55 கிலோமீட்டருக்கு. ரூ.1.5 லட்சம் கோடி வரை ஆகும் என்று முதல்வர் ரேவந்த் ரெட்டியே ஒரு கட்டத்தில் பேசினார். 2024-ல் ஒரு குழு சோல் நகரத்துக்குப் போய் சோங்கேசோன் ஓடையைப் பார்த்துவிட்டு வந்தது. பார்க்க அருமையான ஓடை. ஒன்று மட்டும்: அதில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு ஹான் ஆற்றிலிருந்து மோட்டார் வைத்து இறைப்பது. அகமதாபாத்தின் சபர்மதியிலும் நகரத்துக்குள் தெரியும் தண்ணீர் நர்மதைக் கால்வாயினுடையது. நகரத்தைத் தாண்டிய சபர்மதியின் நாற்றத்தைப் பற்றி குஜராத் ஹைகோர்ட் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. நமக்கும் கோதாவரியிலிருந்து மல்லன்ன சாகர் வழியாக நீர் கொண்டுவந்து உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்ற இரட்டை ஏரிகளில் விட ரூ.7,360 கோடித் திட்டத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் வைத்தாயிற்று. அதில் பெரும்பகுதி குடிநீருக்கு என்பதால் எதிர்க்க மாட்டேன். மூசிக்கென்று வரும் பங்கு, கழிவை நிறுத்தாதவரை, கழிவை நீர்க்கச் செய்யும். அவ்வளவுதான்.

கரையில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் குழுக்களில் அவர்களைப் பற்றி வந்த சில வாக்கியங்கள் படிக்க நன்றாக இல்லை. 2024 செப்டம்பரில் சாதர்காட், மூசா நகர், சங்கர் நகர் பஸ்திகளில் வீட்டுச் சுவர்களில் சிவப்பு மையால் 'ஆர்.பி.எக்ஸ்' என்று எழுதினார்கள். ஆற்றுப் படுகைக்குள் இருக்கும் வீடு என்று பொருள். படுகைக்குள் வாழ்வது ஆபத்து, மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் கடைசியில் இரட்டை ஏரிகளின் மதகுகளைத் திறந்தபோது இம்லிபன் பஸ் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததே! ஆனால் அந்த பஸ் நிலையமும் ஆற்றுக்கு நடுவே கட்டியதுதான். அதன் சுவரில் யாரும் சிவப்பு மை பூசவில்லை. மலக்பேட்டையில் பக்கத்திலேயே அரசின் டபுள் பெட்ரூம் வீடு கிடைத்தவர்களுக்கு ஓரளவு சரி. வேலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் விட்டு ஊருக்கு வெளியே போ என்றால் என்ன ஆகும் என்பதற்கு நாம் சென்னையில் உள்ள சொந்தக்காரர்களைக் கேட்டாலே போதும். கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள் கதை அவர்களுக்குத் தெரியும். கூவமும் இன்னும் மணக்கவில்லை.

ஆற்றின் கீழ்ப்பக்கத்தையும் யாரும் பேசுவதில்லை. பீர்சாதிகுடா, பிரதாப் சிங்காரம் பக்கம் இந்தக் கறுப்புத் தண்ணீரில்தான் மாட்டுத் தீவனப் புல் வளர்க்கிறார்கள், இன்னும் கீழே நெல். வருஷம் முழுக்க ஓடும் தண்ணீர் என்பதால் கிணறு வற்றியவர்களுக்கு அதுதான் கதி. அந்தப் புல்லைத் தின்ற எருமையின் பால் நகரத்துக்கு வருகிறது. சுத்தம் செய்த நீரில் அவர்களுக்கு என்ன பங்கு என்று எந்தப் படத்திலும் நான் பார்க்கவில்லை. பொதுப் பயன்பாடு என்றால் மாலை நடைக்கு வருகிறவர்களின் பயன்பாடு மட்டுமா?

நம்பிக்கை தருவதும் ஒன்று நடந்திருக்கிறது. அம்பர்பேட்டையில் பதுகம்மா குண்டா என்ற குளம் பழைய ஆவணத்தில் 14 ஏக்கர். குப்பை கொட்டிக் கொட்டி, அது குளம் என்பதே மறந்து போயிருந்தது. ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றும் அரசின் ஹைட்ரா அமைப்பு மிஞ்சியிருந்த ஐந்து ஏக்கர் சொச்சத்தைத் தோண்டியபோது நீர் ஊறியது. 2025 செப்டம்பரில் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். ஹைட்ராவின் புல்டோசர்களைப் பற்றி எனக்குப் பல கேள்விகள் உண்டு, ஆனாலும் இதைப் பாராட்டுகிறேன். காலாங் ஆற்றில் பீஷான் பூங்கா பக்கத்தில் இதைப் போல ஒன்றை 2012-ல் முடித்தார்கள். 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, கல்லும் செடியும் வைத்து வளைந்து ஓடவிட்டார்கள். மழைக்குத் தண்ணீர் புல்வெளி வரை ஏறும், வடியும். நீர்நாய்கள் வந்துவிட்டன. அதைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், அந்தக் கால்வாயில் மழைநீர் மட்டுமே வந்தது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது மூசியைப் பற்றியே அல்ல. பிக்கெட் நாலாவைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன் ரசூல்புராவில் பாலத்தை அகலப்படுத்தினார்கள். வெள்ளம் நிற்காமல் ஓட அது உதவும், ஓடுவது என்ன என்பதை அது மாற்றாது. திறந்த நாலாக்களில் விழுந்து நம் செகந்திராபாத்திலேயே பள்ளிப் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். கம்பி வேலி கட்டுவதோடு அந்தக் கதை முடிந்துவிடுகிறது.

மாதா மாதம் வரும் தண்ணீர் பில்லை எடுத்துப் பாருங்கள். கழிவுநீருக்கென்று தனியாக ஒரு தொகை வாங்குகிறார்கள். வாங்குகிறவரிடம் கணக்குக் கேட்க அது போதும். காலனி சங்கங்கள் சேர்ந்து, வாட்டர் போர்டுக்கும் கண்டோன்மென்ட் போர்டுக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்: எங்கள் தெருவின் கழிவு எந்தக் குழாயில் எந்த நிலையத்துக்குப் போகிறது, மழைநீர்க் கால்வாயில் இணைத்த வீடுகளும் அபார்ட்மென்ட்களும் எத்தனை, அவற்றை எப்போது பிரிப்பீர்கள். பதிலில் நம் சொந்த அபார்ட்மென்டின் பெயரும் வரலாம். வந்தால் இணைப்பை மாற்றும் செலவில் வெளிநாட்டில் இருக்கும் எங்களைப் போன்றவர்களும் பங்கு போட வேண்டும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு அனுப்புகிறோமே, இதற்கும் அனுப்பலாம்.

மனுவின் வரைவை இரண்டு மொழியில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். ஆங்கிலம் சரியாக இருக்கும். தெலுங்கை மட்டும் பக்கத்து வீட்டு ஆசிரியரம்மா யாரிடமாவது காட்டித் திருத்திவிடுங்கள். நான் கற்றது மோண்டா மார்க்கெட் தெலுங்கு. காய்கறி வாங்க ஆகும், அதிகாரிகளுக்கு ஆகாது.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஒரு மாரேட்பள்ளிக்காரன்