கலப்படமா? போங்கடா!

கோலார் தங்கவயல்ல எனக்கு ரெண்டு நண்பர்கள். ஒருத்தன் கிடார், இன்னொருத்தன் தவில். வாரமெல்லாம் பெங்களூரு ரயில்ல வேலைக்குப் போயிட்டு, ஞாயித்துக்கிழமை ப்ராக்ரஸிவ் ராக்கையும் நம்ம ஊர் தாளத்தையும் கலக்கறாங்க. "இந்தக் கலப்படத்தை யார் கேப்பா, விட்டுடலாம்டா"ன்னு நேத்து போன். இங்கே நடுராத்திரி.

தூக்கம் போச்சு, கோபம் வந்துச்சு. 1970-கள்ல மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவை நடத்திக்கிட்டே ஜான் மெக்லாக்லின் நம்ம வயலின் எல்.சங்கரோட சேர்ந்ததுதான் 'சக்தி'. கூட விக்கு விநாயக்ராம் கடம், ஜாகிர் உசேன் தபலா. ஆளுங்க சிலர் மாறி, 2024-லதான் சக்திக்கு கிராமி!

2001-ல சுரங்கத்தை மூடினாங்க. கோயில் மேளமும் சர்ச் பாட்டும் சேர்த்துக் கேட்டு வளர்ந்த காதை மூடலையே! நம்ம ஊர்ல கலப்புதான்டா அசல். சோத்துக்கு வேற வேலை இருக்கு. இதுலயாவது யாருக்கும் பயப்படாம வாசிங்க.