எதிரி எங்கே வசிக்கிறான்?

1971 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை. ஜப்பானியத் தொலைக்காட்சியில் 'திரும்பி வந்த அல்ட்ராமேன்' தொடங்கிற்று. மறுநாள் மாலை 'காமென் ரைடர்'. இவ்விரண்டில் இலக்கியத் தகுதி உடையது பின்னதே என்று வாதிடுவோர் உண்டு. கடத்தப்பட்டு, அறுவைக்கு உள்ளாகி, வெட்டுக்கிளி மனிதனாக்கப்பட்ட ஹோங்கோ தக்கேஷியின் துயரம் காவியத் துயரமாம். நாம் இதை மறுக்கிறோம்.

முதல் சில வாரங்களின் இருண்மை நம்மையும் ஈர்த்ததுதான். இஷினோமோரி ஷோத்தாரோ படைத்த அந்த நாயகன் தன் உடலுக்கே அந்நியன். ஆனால் படப்பிடிப்பில் மோட்டார் சைக்கிள் விபத்துக்குள்ளாகி நடிகர் ஃபுஜியோக்கா ஹிரோஷி கால் முறிந்து விலக நேர்ந்தது. 14ஆம் பகுதியில் இரண்டாம் ரைடர் வந்தார். கைகளைச் சுழற்றி உருமாறும் அபிநயமும் வந்தது. துயரம் விடைபெற்றது. தொடர் 98 பகுதிகள் ஓடியது. சிறுவர்கள் அட்டைப்படத்துக்காகத் தின்பண்டப் பொட்டலத்தை வாங்கிப் பண்டத்தை வீசியெறிந்தார்கள். வணிக வெற்றியை நாம் குற்றம் சொல்லவில்லை. நம் குறை வேறு. 'ஷாக்கர்' என்ற இரகசிய நிறுவனம்தான் தீமையின் மொத்த உருவம் என்றால், பார்ப்பவனும் அவன் தெருவும் பிறவியிலேயே நிரபராதிகள் ஆகிவிடுகிறார்கள் அல்லவா?

அல்ட்ராமேனின் 33ஆம் பகுதி அந்தச் சலுகையைத் தரவில்லை. 1971 நவம்பரில் ஒளிபரப்பான அதை எழுதியவர் உஎஹாரா ஷோஸோ, ஒகினாவாக்காரர். அத்தீவு 1972 மே வரை அமெரிக்க ஆட்சியில் இருந்தது. டோக்கியோ வருவதற்கே பயண ஆவணம் தேவைப்பட்ட தலைமுறை அவருடையது. ஆற்றங்கரைக் குடிசையில் ஓர் அநாதைச் சிறுவனும் கனயாமா என்ற முதியவரும் வாழ்கிறார்கள். முதியவர் வேற்றுக்கிரகவாசி, நகரத்தின் நச்சுக்காற்று அவர் உடலை அரித்துக்கொண்டிருக்கிறது. ஊரார் சிறுவனையே வேற்றுக்கிரகவாசி என்று ஐயுறுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகள் அவனைக் கழுத்தளவு மண்ணில் புதைக்கிறார்கள். ரொட்டிக்கடையில் அவனுக்கு ரொட்டி இல்லை. கடைக்காரர் மகள் மட்டும் பின்னால் ஓடிவந்து விற்கிறாள். இரக்கத்தால் அல்லவாம், கடை ரொட்டிக்கடை, அதனால் விற்கிறாளாம். இந்த ஒரு வசனத்துக்கு ஈடாகக் காமென் ரைடரின் 98 பகுதிகளிலிருந்து எதைக் காட்டுவார்கள்?

கும்பல் சிறுவனை இழுத்துச் செல்கையில் முதியவர் உண்மையைச் சொல்லிவிடுகிறார். காவலர் சுடுகிறார். 1923 கந்தோ நிலநடுக்கத்தின்போது வதந்தியை நம்பிக் கொரியர்களைக் கொன்ற கும்பல்களை அறிந்தவருக்கு இக்காட்சி கற்பனையாகத் தோன்றாது. முதியவர் அடக்கி வைத்திருந்த அரக்க விலங்கு இப்போது வெளிப்பட, அதே ஊரார் காப்பாற்றும்படி அலறுகிறார்கள். நாயகன் கோ ஹிதெக்கி அசையாமல் நிற்கிறான். இவர்களை ஏன் காக்க வேண்டும்? குழந்தைகளுக்கான நிகழ்ச்சியில் வீரன் இப்படித் தயங்கியதே அதன் சாதனை என்போம்.

51 பகுதிகளில் இது ஒன்றுதானே என்பார்கள். ஆம், மற்றவற்றுள் பல வாராந்தர விலங்குச் சண்டைகளே, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஒன்றை எழுதவும் ஒளிபரப்பவும் அத்தொடரில் இடம் இருந்தது.

கடைசியில் அல்ட்ராமேன் வெல்கிறான்; எவரும் ஆரவாரம் செய்வதில்லை. முதியவர் புதைத்து வைத்த விண்கலத்தைத் தேடிச் சிறுவன் ஆற்றங்கரையைத் தோண்டிக்கொண்டே இருக்கிறான். அது கிடைத்தால் பூமியை விட்டுப் போய்விடுவான்.