ஆய்வுக் கட்டுரையில் யாருடைய பெயர்?

ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே அச்சாகும் பெயர், எழுதியவர் யார் என்பதோடு, அதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதையும் சொல்கிறது. 2022 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு மென்பொருளான சாட்ஜிபிடி வெளியான சில வாரங்களிலேயே அதன் பெயர் சில கட்டுரைகளில் இணையாசிரியராக இடம்பெற்றது. 2023 ஜனவரியில் ‘நேச்சர்’, ‘சயின்ஸ்’ இரு இதழ்களும் அதை ஏற்க மறுத்தன. பிழை நேர்ந்தால் பதில் சொல்ல மென்பொருளால் முடியாது என்பதே காரணம். ‘சயின்ஸ்’ முதலில் செயற்கை நுண்ணறிவு எழுதிய வரிகளையே தடைசெய்தது. அதே ஆண்டு நவம்பரில், பயன்பாட்டை வெளிப்படையாகத் தெரிவித்தால் போதும் என்று தளர்த்தியது. தளர்வு நியாயமானதுதான். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஆய்வாளருக்கு, வாக்கியத்தைச் செப்பனிடும் கருவி பெரிய உதவி.

ஆனால் ஆபத்து மேற்கோள்களில் இருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுபவை. அதனால், எழுதப்படாத கட்டுரை ஒன்றுக்கு மெய்யான ஆய்வாளர் பெயர், இதழின் பெயர், பக்க எண் எல்லாம் சேர்த்து நம்பும்படி தந்துவிடும். அது ஒருமுறை அச்சேறினால், மூலத்தைத் தேடிப் பார்க்காத அடுத்தவரும் அதையே எடுத்தாள்வார். படங்களிலும் இதே நிலைதான். 2024 பிப்ரவரியில் ஓர் உயிரியல் இதழ், மிட்ஜர்னி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி வரைந்த, உடலமைப்பே பிழையான எலிப் படத்துடன் கட்டுரை வெளியிட்டு, சில நாட்களில் திரும்பப் பெற்றது. அந்தப் படம் சக ஆய்வாளர்களின் மதிப்பாய்வைத் தாண்டி வந்ததுதான் மிகவும் கவலை தருகிறது. மதிப்பாய்விலேயே இக்கருவிகள் நுழைவது இன்னொரு சிக்கல். வெளிவராத ஆய்வின் ரகசியம் அதில் கசியலாம் என்பதால், அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் நிதி விண்ணப்ப மதிப்பாய்வாளர்களுக்கு 2023 ஜூனில் இக்கருவிகளின் பயன்பாட்டைத் தடைசெய்தது.