உரைநூலை மூடு, உன் கருத்தைச் சொல்!

"கண்ணகி செஞ்சது மட்டும் நியாயமுங்களா?"

நம்மைப் பார்த்து இப்படிக் கேட்டவள் பத்தாம் வகுப்பு மாணவி. கேட்ட இடம் அன்னூர்ப் பக்கத்துப் படிப்பகம் ஒன்றின் திண்ணை. அவளுடைய தந்தை விசைத்தறித் தொழிலாளி; நம் தோழர். "அம்மிணி, நோட்டை ஐயாகிட்டக் காட்டு" என்று அவர்தான் மகளை அழைத்து வந்தார்.

சுருக்கென்றது நமக்கு! நீதி கேட்ட நெஞ்சம் என்று மேடைதோறும் கண்ணகியைக் கொண்டாடியவர்கள் நாம். 1968-இல் சென்னைக் கடற்கரையில் அவளுக்குச் சிலை எழுந்தபோது பூரித்தவர்களின் வழிவந்தவர்கள் நாம். அந்தக் கண்ணகி மீதே குற்றச்சாட்டா? அதுவும் நம் தோழரின் மகள் வாயிலிருந்தா?

ஆயினும் நோட்டை வாங்கிப் படித்தோம். படித்து முடித்தபோது கோபம் போய்விட்டது. குற்றம் அவளிடம் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்று தெரிந்தது.

நடந்தது இதுதான். பள்ளி இலக்கிய மன்றத்தில் கட்டுரைப் போட்டி. தலைப்பு, 'கண்ணகி வழக்குரைத்த திறம்'. வகுப்பே எழுதியது. எப்படி? கடையில் விற்கும் கட்டுரைக் கோவை ஒன்றைப் பார்த்து எழுதியது. அந்தப் புத்தகத்தில் ஓர் அச்சுப்பிழை. சிலம்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் சிலம்பம் என்று அச்சாகிவிட்டது. வகுப்பில் பெரும்பாலோர் அதையும் அப்படியே எழுதினார்கள். கண்ணகி கையில் சிலம்பம்! பாண்டியன் அவையில் கம்பு சுற்றினாளா கண்ணகி? சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் நெஞ்சு கனக்கிறது. எழுதியவர்களில் ஒருவர்கூட, தாம் எழுதுவதைப் படித்துப் பார்க்கவில்லை என்பதல்லவா அதன் பொருள்?

இந்தப் பெண் மட்டும் சொந்தமாக எழுதியிருந்தாள். "பாண்டியன் விசாரிக்காமல் ஓர் உயிரைக் கொன்றான், அது குற்றம். கண்ணகி விசாரிக்காமல் ஓர் ஊரையே எரித்தாள், அது என்ன?" இதுதான் அவள் வாதம். அதன் கீழே சிவப்பு மையில் ஒரு வரி: 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்.' பரிசு கிடைத்தது சிலம்பம் எழுதிய கட்டுரைக்கு!

அந்த ஆசிரியர் மீது நாம் பாயப் போவதில்லை. வகுப்பு நிறையப் பிள்ளைகள், கட்டுக் கட்டாகத் தாள்கள், தலைக்கு மேல் தேர்ச்சி விழுக்காடு. அவரும் கட்டுண்டவர்தாம்.

அந்தப் பெண்ணிடம் நாம் ஒரு தடை எழுப்பினோம். "அம்மா, எல்லாரையும் எரிக்கச் சொல்லவில்லையே கண்ணகி! முதியோரை விடு, குழந்தைகளை விடு, தீயவர் பக்கமே செல் என்றுதானே தீக்குக் கட்டளையிட்டாள்? இளங்கோவடிகள் அப்படித்தானே பாடியிருக்கிறார்?"

கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கேட்டாள்: "நல்லவங்க யாரு, கெட்டவங்க யாருன்னு தீக்கு விசாரிக்கத் தெரியுமுங்களா? புகார்ல நெசவுக்காரங்க இருந்தாங்கன்னு எங்க பாடத்திலேயே இருக்குதுங்க. மதுரையிலயும் இருந்திருப்பாங்கதானுங்களே? அவங்க தறி எரிஞ்சிருக்காதுங்களா?"

பத்தாம் வகுப்புப் பாடநூலில் சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கப் பகுதி இருக்கிறது. பருத்தி நூலிலும் பட்டு நூலிலும் நெய்பவர்கள் வாழ்ந்த இடத்தை இளங்கோ அதில் காட்டுகிறார். மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் அந்தப் பகுதியிலிருந்து, தன் வீட்டுத் தறியை நினைத்து, ஒரு சான்று எடுத்து வந்து நம்முன் வைத்தாள் அந்தச் சிறுமி. அவள் முடிவை நாம் ஏற்கவில்லை. இன்றும் நாம் கண்ணகியின் பக்கம்தான். ஆனால் அவள் வாதத்துக்கு முழு மதிப்பெண் தருகிறோம்!

இலக்கியத்தைப் பற்றி வாதிட்டு எழுதுவது என்றால் என்ன? புகழ்ந்து எழுதுவதா? 'தேனினும் இனிய', 'ஈடு இணையற்ற' என்று அடைமொழிகளை அடுக்குவதா? அல்ல, அல்ல! கண்ணகியிடமே கற்றுக்கொள்ளலாம். பாண்டியன் அவையில் தான் யார், எந்த ஊர், கொலையுண்டவன் யார் என்று முதலில் சொன்னாள். கள்வனைக் கொல்வது கொடுமை ஆகாது என்று அரசன் மறுத்ததைக் கேட்டாள். பிறகு, என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்றான் அவன். சிலம்பு வந்தது, உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. கண்ணீர் இருந்தது, சினம் இருந்தது. ஆனால் வென்றது அந்தப் பரல்தான். சான்று!

இதற்கு இலக்கணமும் நம்மிடம் உண்டு. ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரைக் கொங்கு நாட்டுச் சீனாபுரத்துக்காரர் என்று சொல்வார்கள். அவர் ஏழு மதங்களைக் குறிப்பிடுகிறார். கோயில் குளம் சார்ந்த மதமல்ல. கொள்கை என்னும் பொருளில் மதம். பிறர் சொல்வதை ஒப்புக்கொள்ளலாம். மறுக்கலாம். முதலில் ஏற்றுப் பிறகு களையலாம். தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம். இருவர் மாறுபட்டால் ஒரு பக்கம் துணியலாம். பிறர் நூலில் குற்றம் காட்டலாம். எவரோடும் சேராமல் தன் கருத்தையே கொள்ளலாம். ஏழு வழிகள்! 'புத்தகத்தில் உள்ளபடி எழுதவும்' என்பது இந்த ஏழில் எது?

நம் இயக்க வரலாறும் இதையே சொல்லும். 1943-இல் கம்பராமாயணம் பற்றிய சொற்போரில் அறிஞர் அண்ணா நின்றார். சென்னைச் சட்டக் கல்லூரியில் அவருக்கு எதிரே ரா. பி. சேதுப்பிள்ளை. சேலத்தில் எதிரே நாவலர் சோமசுந்தர பாரதியார். இருவரும் தமிழ்க்கடல்கள். அண்ணாவுக்கு அப்போது வயது 33. கம்பனைப் படிக்காமலா போய் நின்றார்? மறுப்பதற்காகவே ஊன்றிப் படித்தார்! அந்தச் சொற்போர்கள் 'தீ பரவட்டும்' என்று நூலாக வந்தன.

அவர் வழி வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் நாம் எதை எடுத்துக்கொண்டோம்? அடுக்குமொழியை எடுத்துக்கொண்டோம். படிப்பை விட்டுவிட்டோம். கைதட்டு வாங்கும் வாக்கியம் வேறு, காகிதத்தில் நிற்கும் வாக்கியம் வேறு. பேச்சாளரைப் போலப் பேசப் பிள்ளைகளைப் பழக்கியிருக்கிறோம். படித்தவரைப் போல வாதிடப் பழக்கவில்லை. இந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு, தோழர்களே!

அந்தத் தந்தை நம்மிடம் கேட்ட கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். "கருத்தெல்லாம் இருக்கட்டுங்க. மார்க்குப் போச்சுன்னா எம்புள்ளைக்குக் காலேஜு எப்படிங்க?" நியாயமான கேள்வி. தறி ஓட்டுகிறவனின் பிள்ளைக்கு மதிப்பெண்தான் ஏணி. ஏணியை உதைத்துவிட்டுக் கருத்தை எழுது என்று நாம் சொல்ல மாட்டோம். தேர்வுதான் மாற வேண்டும்.

இப்போதைய பாடநூல்களில் 'கற்பவை கற்றபின்' என்ற பகுதி இருக்கிறது. கலந்துரையாடுங்கள், விவாதியுங்கள் என்று அது சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் பொதுத்தேர்வில் கேட்காததை எந்த வகுப்பில் நடத்துவார்கள்? தமிழ்த் தாளில் எட்டு மதிப்பெண் நெடுவினாக்கள் உண்டு. அவற்றில் ஒன்றையாவது பிள்ளையின் சொந்தத் தீர்ப்புக்கு ஒதுக்குங்கள் என்று கல்வித்துறையைக் கேட்கிறோம். திருத்துகிறவருக்கு ஏற்ப மதிப்பெண் மாறும் என்பார்கள். வரையறை செய்யுங்கள்! தன் கருத்தைத் தெளிவாகச் சொன்னால் இரண்டு. நூலிலிருந்து சான்று காட்டினால் மூன்று. எதிர்த்தரப்பை நேர்மையாக எடுத்துச் சொல்லி விடை தந்தால் இரண்டு. நடைக்கு ஒன்று. எந்தப் பக்கம் நின்றான் என்பதற்கு மதிப்பெண் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அதுவரை நாம் சும்மா இருப்பதா? படிப்பகங்கள் எதற்கு? பத்திரிகை வாசிக்க மட்டுமா? ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் போதும். பத்துப் பிள்ளைகள், ஒரு பாட்டு அல்லது ஒரு கதை, இரண்டு கட்சி. பாதி நேரம் ஒரு பக்கம் வாதிட்டவர்கள், மீதி நேரம் மறுபக்கம் வாதிடட்டும். எதிரியின் நியாயம் புரிய அதைவிட நல்ல வழி இல்லை. பிறகு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதட்டும். அடைமொழிக்குத் தடை, சான்று இல்லாத வரிக்கு அடிக்கோடு. கல்லூரி படிக்கும் நம் இளைஞர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தால் போதும். பள்ளித் தேர்வை அவர்கள் வழக்கம்போல் எழுதட்டும். சிந்தனை இங்கே வளரட்டும்.

இலக்கியத்தைப் பற்றி வாதிட்டுத் தொழிலாளிக்கு என்ன பயன் என்று கேட்பவர் உண்டு. அன்னூரையே கேட்கட்டும் அவர். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்துக்காக இந்த வறண்ட பூமி எத்தனை மனு எழுதியது! அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதியது. 2019-இல் அடிக்கல், 2024 ஆகஸ்ட் 17-இல் திறப்பு. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து பவானியின் உபரிநீர் 1,045 நீர்நிலைகளுக்கு என்பது திட்டம். நிலம் என்ன கேட்கிறது, தண்ணீர் எங்கே வீணாகிறது, அரசு சொல்லும் மறுப்புக்கு விடை என்ன என்று எடுத்து வைத்த கோரிக்கையும் ஒரு வழக்குரைதானே? கூலி உயர்வுப் பேச்சுக்கு உட்காரும் தறித் தொழிலாளிக்கும் அதுதானே கருவி? எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போடுபவனாக அவன் பிள்ளை வளர வேண்டுமா, எழுதுபவனாக வளர வேண்டுமா?

அந்தப் பெண்ணின் நோட்டில், சிவப்பு மைக்குக் கீழே, நாமும் ஒரு வரி எழுதிவிட்டு வந்தோம்: 'உன் முடிவை நாங்கள் ஏற்கவில்லை. அடுத்த ஞாயிறு மறுக்க வருகிறோம். சான்றோடு காத்திரு.'

காத்திருப்பாள். நாம்தான் சிலப்பதிகாரத்தை இன்னொரு முறை படித்துவிட்டுப் போக வேண்டும்!