மயிலிட்டி: துறைமுகம் திரும்பியது, ஊர் எப்போது திரும்பும்?

2025 செப்ரெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க மயிலிட்டிக்கு வந்து மீன்பிடித் துறைமுகத்தின் மூன்றாம் கட்ட அபிவிருத்தி வேலைகளைத் தொடக்கி வைத்தார். அதே நாளில் கச்சதீவுக்கும் போனார். ஊடகங்கள் கச்சதீவைப் பற்றியே அதிகம் பேசின. தமிழகத்திலும் அதுதான் பேச்சு. மயிலிட்டி ஒரு துணைச் செய்தியாகச் சுருங்கிவிட்டது.

ஆனால் அன்றைய நாளின் பெரிய கேள்வி மயிலிட்டியில்தான் இருந்தது என்று நான் நினைக்கிறேன். 2018 ஓகஸ்டில் மைத்திரிபால சிறிசேன இதே துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். 2019 ஓகஸ்டில் ரணில் விக்கிரமசிங்க முதற்கட்டத்தைத் திறந்து வைத்தார். இப்பொழுது மூன்றாம் கட்டம். மூன்று தலைவர்களுக்கும் துறைமுகம் தேவைப்பட்டிருக்கிறது. அந்தத் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த ஊருக்கு என்ன நடந்தது?

மயிலிட்டி குடாநாட்டின் வடகரையில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையில் இருக்கிறது. மேற்கே தையிட்டியும் ஊறணியும். தெற்கே வலிகாமம் வடக்கின் செம்மண். அடியில் சுண்ணாம்புக்கல். ஆறு இல்லாத மண்ணில் கிணற்றை நம்பித்தான் தோட்டம். வெங்காயமும் மரக்கறியும் வாழையும் செம்மண்ணில் விளைந்தன. கரையில் கடற்றொழில் நடந்தது. மயிலிட்டி என்றும் மயிலிட்டித்துறை என்றும் இரு பெயர்கள் வழங்குவதே அந்த ஊரின் அமைப்பைச் சொல்லிவிடும். தோட்டமும் துறையும் அருகருகே இருந்து ஒன்றையொன்று தாங்கிய ஊர் அது.

வடகரைக்கு ஒரு குணம் உண்டு. சோளகக் காற்று வீசும் மாதங்களில் குடாநாட்டின் நிலமே காற்றை மறிக்கும், கடல் அடங்கியிருக்கும். வாடைக் காலத்தில் அதே கடல் நேராகக் கரையில் மோதும். அப்பொழுது படகைப் பாதுகாக்க ஓர் ஒதுங்குமிடம் வேண்டும். மயிலிட்டி அப்படியோர் ஒதுங்குமிடம். அதனால்தான் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் வந்த காலத்தில் அது வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைகளில் ஒன்றாக வளர்ந்தது. 1983இல் யாழ். மாவட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 48,000 தொன் மீன் பிடிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் மயிலிட்டியின் பங்கு சிறியதல்ல. கண்ணகை அம்மனும் காணிக்கை மாதாவும் இருந்த ஊர். வடக்கு முழுவதற்கும் பயன்பட்ட காசநோய் வைத்தியசாலையும் அங்கேதான் இருந்தது.

1990 யூன் நடுப்பகுதியில் அந்த ஊர் எழும்பியது. இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிச் சில நாட்களே ஆகியிருந்தன. ஒரு கிழமையில் திரும்பலாம் என்றுதான் பலர் கதவைப் பூட்டினார்கள். அதன்பின் மல்லாகம், சுன்னாகம், வடமராட்சிக் கரை என்று சிதறினார்கள். 1995இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவர்கள் இரண்டாம் முறை எழும்பினார்கள். பிறகு கோணப்புலம் முகாம், சபாபதிப்பிள்ளை முகாம், வாடகை வீடு, உறவினர் வளவு. 2009இல் போர் முடிந்தது. அவர்களுடைய முகாம் வாழ்க்கை முடியவில்லை.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. உரிமையாளர்களை அடையாளம் காண முடியவில்லை என்று அவை கூறின. அந்த உரிமையாளர்கள் சில கிலோமீற்றர் தொலைவில் முகாம்களில் இருந்தார்கள். அவர்களுக்கு நிவாரணம் கொடுத்ததும் வாக்காளராகப் பதிந்ததும் அரச அலுவலகங்கள்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் போனார்கள். தாங்கள் இருக்கிறோம் என்பதையே அவர்கள் வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியிருந்தது.

2017 யூலை 3ஆம் திகதி துறைமுகத்தோடு 54 ஏக்கர் விடுவிக்கப்பட்டது. 2018 ஏப்ரலில் மயிலிட்டியை அண்டி மேலும் 683 ஏக்கர். இவை சிறிய விடயங்கள் அல்ல. போராடாமல் கிடைத்தவையும் அல்ல. ஆனால் விடுவிப்பை எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

அரசாங்கம் ஏக்கரில் பேசுகிறது. யாழ்ப்பாணத்தில் காணி பரப்பில் இருக்கிறது. பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். 54 ஏக்கர் என்றால் 864 பரப்பு. தோட்டக்காணி உள்ள குடும்பத்துக்குப் பத்து, இருபது பரப்பு இருக்கலாம். கரையோரத்தில் வாழ்ந்த கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு ஒரு பரப்பு, இரண்டு பரப்பு இருந்தாலே பெரிது. நெருக்கமான வீடுகள், ஒரே கிணற்றில் பல குடும்பங்கள், வலை காயப்போடப் பொதுவான கரை. அதாவது கரையோரத்தின் ஒரு சிறு துண்டை மறித்து வைத்தாலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வெளியே நிற்கும். ‘இவ்வளவு வீதம் விடுவித்துவிட்டோம், மிச்சம் கொஞ்சம்தான்’ என்று வரைபடத்தைக் காட்டுவது சுலபம். அந்தக் கொஞ்சத்துக்குள் யார் இருந்தார்கள் என்பதை ஏக்கர் சொல்லாது.

காலமும் சும்மா இருக்கவில்லை. 1990இல் ஒரு வீட்டிலிருந்து வெளியேறியது ஒரு குடும்பம். இன்று அது நாலைந்து குடும்பம். பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். இடையில் சீதனம் கொடுத்திருக்க வேண்டும், பங்கு பிரித்திருக்க வேண்டும். காணியைக் கண்ணால் காணாமலே உறுதி எழுதியவர்கள் இருக்கிறார்கள். உறுதி இல்லாமல் கரையோர அரச காணியில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள். விடுவித்த இடங்களில் வேலியும் எல்லைக்கல்லும் வீடும் அழிந்திருந்தன. ஆக, இரண்டு பரப்பைத் திருப்பிக் கொடுத்தாலும் அதில் ஒரு வீட்டுக்குத்தான் இடம். மற்ற மூன்று குடும்பங்களும் எங்கே போவது? இது படையினரோடு மட்டும் பேசித் தீர்க்கும் பிரச்சினை அல்ல. பிரதேச செயலகமும் மாகாண நிர்வாகமும் நமது கட்சிகளும் பதில் சொல்ல வேண்டிய பிரச்சினை.

இனித் துறைமுகத்துக்கு வருவோம். எல்லை தாண்டி வந்து பிடிபடும் தமிழக இழுவைமடிப் படகுகள் இங்கேதான் கொண்டுவந்து கட்டப்படுகின்றன. 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இழுவைமடித் தொழிலைத் தடை செய்தது. வடபகுதி மீனவர்கள் கேட்டுப் பெற்ற சட்டம் அது. அந்தப் படகுகளைப் பிடிக்கச் சொன்னவர்களும் அவர்களே. ஆனால் பிடித்த படகுகள் அவர்களுடைய துறைமுகத்துக்குள்ளேயே இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. கடலில் வலையை அறுத்த படகு, கரையில் இடத்தைப் பிடித்திருக்கிறது.

ஆழமாக்கி விரிவாக்கும் துறைமுகத்தால் முதலில் பயன்பெறுவது பல நாள் கலங்கள். மயிலிட்டி மக்களில் பெரும்பாலானோரிடம் இன்று இருப்பது வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகு. முப்பது ஆண்டுகள் தொழிலையும் படகையும் இழந்து நின்ற சமூகத்துக்குக் கலம் வாங்க முதல் எங்கிருந்து வரும்? கடனும் பயிற்சியும் கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமையும் இல்லாமல் கல்லும் சீமெந்தும் மட்டும் போட்டால், மயிலிட்டித் துறைமுகம் மயிலிட்டியாரின் துறைமுகமாக இருக்காது.

பலாலி வீதி 2025 ஏப்ரலில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அதுவும் பகல் நேரத்துக்கு மட்டும், நிபந்தனைகளோடு. நள்ளிரவில் கடலுக்குப் போகும் தொழிலாளிக்கு இத்தகைய வீதியால் என்ன பயன்? துறை என்பது இறங்குமேடை மாத்திரம் அல்ல. இரவில் நடக்கக்கூடிய பாதை, குடிக்கத் தண்ணீர், கருவாடு காயவைக்க இடம், வலை பொத்த நிழல், பிள்ளை நடந்து போகக்கூடிய பள்ளிக்கூடம். இவையெல்லாம் சேர்ந்துதான் துறை.

வலிகாமம் வடக்கில் இன்னும் இரண்டாயிரம் ஏக்கருக்கும் அதிகமான காணி படையினர் வசம் இருக்கிறது. அடுத்த விடுவிப்புப் பற்றிப் பேசும்போது ஏக்கர் கணக்கோடு குடும்பக் கணக்கையும் கேட்க வேண்டும். எந்தத் துண்டை விட்டால் எத்தனை குடும்பம் திரும்பும் என்று கேட்க வேண்டும். அதற்கான விபரம் நமது கையில் இருக்க வேண்டும். ஊரின் ஒழுங்கைகளையும் கிணறுகளையும் வளவு எல்லைகளையும் நினைவில் வைத்திருக்கும் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. மயிலிட்டிச் சங்கங்களும் புலம்பெயர்ந்த மயிலிட்டியாரும் இப்பொழுதே செய்யக்கூடிய வேலை, அந்த நினைவை வீடு வீடாக வரைபடமாக்குவது. உறுதி இல்லாதவர்களுக்கு அதுவே நாளை சாட்சியாகலாம்.

உரிமையாளரைக் காணவில்லை என்று ஒருமுறை எழுதி ஒட்டியவர்கள் இன்னொருமுறையும் எழுதக்கூடும். அப்பொழுது காட்டுவதற்குப் பெயர் விபரமும் வரைபடமும் நம்மிடம் இருக்க வேண்டும்.