தடித்த எண்ணெயா, தகுந்த எண்ணெயா?

வெப்ப நாட்டில் ஓடும் மோட்டார் வண்டிக்குத் தடித்த மசகெண்ணெயே ஏற்றது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. டர்போ பொருத்திய எஞ்சினுக்கு இது தீங்கு விளைவிக்கக்கூடும்.

புனே நகரில் கோடை வெயில் 40 பாகை செல்சியசை எட்டுவதுண்டு. ஆயினும், ஓடிச் சூடேறிய எஞ்சினில் எண்ணெயின் வெப்பநிலை ஏறக்குறைய 100 பாகையாகும். ஆகவே, ஊர் வெயிலை மட்டும் கொண்டு எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல் பொருந்தாது.

5டபிள்யூ–30 என்பதில் முன்னெண் கடுங்குளிரில் எண்ணெய் இளகியிருக்கும் இயல்பையும், பின்னெண் 100 பாகையில் அதன் பாகுத்தன்மையையும் குறிக்கும். டர்போவின் தண்டு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல வல்லது. அதனைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. மிகத் தடித்த எண்ணெய், எஞ்சினைக் கிளப்பியதும் அங்குச் சென்று சேரத் தாமதிக்கும். எரிபொருட் செலவையும் கூட்டும். மிக மெலிந்ததாயின், வெப்பத்தில் படலம் அறுந்து உலோகம் தேயும்.

தடிப்பு மட்டுமே போதாது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 நெறி நடைமுறைக்கு வந்தபின், கரி வடிகட்டியுள்ள டீசல் வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த எண்ணெய் இன்றியமையாததாயிற்று.

புனேயில் 1966இல் தோன்றிய இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிலையங்களில் சான்றிதழுக்காக வண்டிகளைச் சோதிக்கும்போது, உற்பத்தியாளர் குறித்த எண்ணெயே பயன்படுகிறது. கடைக்காரர் சொல்லினும் வண்டியின் கையேடே நம்பத்தக்கது என்பதை ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் மக்களுக்கு எடுத்துரைத்தல் நன்று.